வேலையை விட்டு ஊழியத்துக்கு இறங்குவது: விசுவாச அடி எது, துணிகரம் எது?

நெகேமியா_வாசல்

"கர்த்தர் அழைத்தார் என்ற நிச்சயம் வந்துவிட்டால் அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடு. சேமிப்பு, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று கணக்குப் பார்க்கிறவனுக்கு விசுவாசம் இல்லை." இந்தப் போதனையைப் பல மேடைகளில் கேட்கிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மறுக்கிறவர்கள் வசனத்தோடு வாருங்கள்.

எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்று பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியா கேள்விப்பட்டது கிஸ்லேவு மாதத்தில். ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய 4 மாதம். அந்த நாட்களில் அவர் அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார் என்று வாசிக்கிறோம். ஆனால் ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்றபோது அவரிடம் பதில் தயாராக இருந்தது. எத்தனை நாள் வேண்டும் என்று சொன்னார். நதிக்கு அப்புறத்திலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டார். மரத்துக்காக வனத்துக் காவலாளன் ஆசாபுக்குத் தனிக் கடிதம் கேட்டார். எருசலேமுக்கு வந்த பிறகும் 3 நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. இராத்திரியில் சிலரோடு போய் அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். வேலை முடிந்ததோ 52 நாளில்.

52 நாள் வேகத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் அந்த 4 மாதத்தையும் சேர்த்துப் பிரசங்கிக்க வேண்டும். திட்டம் போடுவது அவிசுவாசம் என்றால் நெகேமியாவை எங்கே வைப்பது?

யோர்தான்கரை

பிரதர், நெகேமியாவைச் சொன்னீர்கள், ஆபிரகாமை விட்டுவிட்டீர்கள். "தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்" (எபிரெயர் 11:8). இடமே தெரியாதவன் எந்தத் திட்டத்தைப் போட்டிருப்பான்? யோர்தான் கரைபுரண்டு ஓடுகிற அறுப்புக்காலத்தில், உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியரின் உள்ளங்கால்கள் தண்ணீரில் பட்ட பிறகுதான் தண்ணீர் குவியலாக நின்றது (யோசுவா 3:15-16). தண்ணீர் வற்றட்டும், அப்புறம் கால் வைக்கிறேன் என்றிருந்தால் இன்னும் அக்கரையிலேதான் நின்றிருப்பார்கள்.

அவசரப்பட்டு விழுந்தவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். "சமயமானபோது அழைப்பிக்கிறேன்" என்று பவுலிடம் சொன்ன தேசாதிபதி பேலிக்ஸ் மாதிரி, வருஷக்கணக்காக உட்கார்ந்தே அழைப்பை ஆறவிட்டவர்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அவர்கள் கடனில் விழுவதில்லை, அவமானப்படுவதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கீழ்ப்படியாமை அங்கேயும் நடந்துவிட்டது.

கோபுரம் கட்டுகிறவன் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா 14:28-ஐ எடுத்துக்கொண்டு வருவீர்கள். அதே பகுதியின் முடிவு 33-ஆம் வசனம்: தனக்கு உண்டானவைகளையெல்லாம் வெறுத்துவிடாதவன் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான். அங்கே இயேசு பார்க்கச் சொன்ன கணக்கு, சீஷனாவதற்கு என்ன விலை என்பது. அதை மாதாந்திர பட்ஜெட்டுக்கு அனுமதிச் சீட்டாக ஆக்கக்கூடாது.

திறந்தவேதம்

இருவரும் பாதி வசனத்தை வைத்துப் பேசுகிறீர்கள்.

யோர்தான்கரை பிரதர், யோசுவா 3-க்கு முன்னால் 1-ஆம் அதிகாரம் இருக்கிறது. "உங்களுக்குப் போஜனபதார்த்தங்களை ஆயத்தம்பண்ணுங்கள், மூன்றுநாளைக்குள்ளே யோர்தானைக் கடந்துபோவீர்கள்" என்று பாளயம் முழுவதும் சொல்லப்பட்டது. 2-ஆம் அதிகாரத்தில் வேவுகாரர் போய் வந்தார்கள். பெட்டிக்கும் ஜனங்களுக்கும் நடுவே 2,000 முழம் இடைவெளி விடும்படி கட்டளையும் இருந்தது. ஆயத்தம் எல்லாம் முடிந்தது. ஆனால் தண்ணீரை மட்டும் அவர்களால் ஆயத்தம் செய்ய முடியாது. அந்த ஒரு இடத்தில்தான் கால் வைத்தார்கள். மனுஷனால் ஆகிறதைச் செய்து முடித்து, ஆகாததில் கர்த்தரை நம்பினார்கள்.

நெகேமியா_வாசல் பிரதர், உங்கள் பக்கத்துக்கும் எதிர்ச்சாட்சி இருக்கிறது. நெகேமியா ராஜா அனுப்பிய சேவகரோடும் குதிரைவீரரோடும் பயணம் செய்தார் (2:9). அதே எருசலேமுக்கு அவருக்கு முன்னே போன வேதபாரகன் எஸ்றா, தேவனுடைய கரத்தைப் பற்றி ராஜாவிடம் சாட்சி சொல்லிவிட்டதால் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, உபவாசித்துப் பாதுகாப்பில்லாமலே புறப்பட்டார் (எஸ்றா 8:21-23). ஒருவர் காவலோடு, ஒருவர் காவலில்லாமல். வேதம் இரண்டு பேரையும் குறை சொல்லவில்லை.

அந்த எஸ்றா செய்த இன்னொரு காரியத்தைப் பாருங்கள். 650 தாலந்து வெள்ளி, 100 தாலந்து நிறையான வெள்ளிப் பணிமுட்டுகள், 100 தாலந்து பொன். எல்லாவற்றையும் புறப்படும்போதே நிறுத்து 12 ஆசாரியர் கையில் ஒப்படைத்தார். போய்ச் சேர்ந்த நாலாம் நாளில் மறுபடியும் நிறுத்து, நிறை முழுவதையும் எழுதி வைத்தார்கள். காவலைத் துறந்தவர் கணக்கைத் துறக்கவில்லை. தைரியமும் கணக்கும் ஒன்றுக்கொன்று விரோதம் என்று பேசுவதை நிறுத்தினால் பாதி வாக்குவாதம் தீரும்.

தபீத்தாள்

ஐயாமார் மூன்று பேரும் ஆண் ஒருவன் தனியாக எடுக்கிற முடிவு மாதிரியே பேசுறீங்க. வீட்டில் மனைவி இருக்காங்க, பிள்ளைகள் இருக்காங்க, வயதான தாய் தகப்பன் இருக்காங்க. அவன் வைக்கிற அடிக்கு விலை கொடுக்கிறது பெரும்பாலும் அவங்கதான்.

கொஞ்ச நாள் உபவாசத்துக்கும் ஜெபத்துக்கும் பிரிந்திருக்கவே "இருவரும் சம்மதித்தாலன்றி" கூடாதுன்னு பவுல் எழுதறார் (1 கொரிந்தியர் 7:5). ஜெபத்துக்கே சம்மதம் வேணும்னா, வீட்டு வருமானத்தை நிறுத்துறதுக்கு வேண்டாமா? தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை "கொர்பான்" என்று சொல்லித் தேவனுக்குப் படைத்தவர்களை இயேசு மெச்சலை, கண்டித்தார் (மாற்கு 7:11-13). தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன்னு 1 தீமோத்தேயு 5:8 சொல்லுது.

ராஜினாமாவுக்கு முன்னாடி கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

தவிர்க்க முடியாத மாதச் செலவு என்ன? வாடகை, சாப்பாடு, மருந்து, பள்ளிக் கட்டணம், பெற்றோருக்குக் கொடுக்கிறது. இதை நினைவிலிருந்து எழுதினா எப்பவும் குறைவாத்தான் வரும். கடந்த 3 மாத வங்கிக் கணக்கைத் திறந்து வைத்து எழுதுங்க. வருஷத்துக்கு ஒரு முறை வருகிற செலவை 12-ஆல் வகுத்து அதில் சேருங்க. பலர் விழுறது இங்கேதான்.

அடுத்தது கடன். வங்கிக் கடன் மட்டுமல்ல, கைமாத்து, மற்றவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, எல்லாம். ஜாமீன் போட்டு, கொடுக்க வழியில்லாமல் போனால் படுத்திருக்கிற படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள்னு நீதிமொழிகள் 22:26-27 எச்சரிக்குது. கடனோடு ஊழியத்துக்கு வந்தவனுக்குக் காணிக்கை வர்ற நாளும் கடன்காரன் வர்ற நாளும் ஒண்ணாயிடும். பிறகு யார் கொடுப்பாங்களோ அவங்களுக்குப் பிடிச்ச பிரசங்கம்தான் வாயில் வரும்.

மருத்துவக் காப்பீடு வேலையோடு சேர்ந்ததா, தனியா எடுத்ததா? வேலையோடு சேர்ந்ததுன்னா கடைசி வேலை நாளில் அது நின்னு போகலாம். தனிக் காப்பீட்டை ராஜினாமாவுக்கு முன்னாடியே எடுக்கணும். ஏற்கனவே இருக்கிற நோய்க்குப் பல காப்பீடுகளில் காத்திருப்புக் காலம் உண்டு.

இவ்வளவும் எழுதின பிறகு 6 மாதச் செலவாவது தனியா இருக்கணும் என்பது என் கருத்து. பிள்ளைகள் இருந்தா 12 மாதம்.

யோர்தான்கரை

சிஸ்டர், மனைவியின் சம்மதம் பற்றி நீங்கள் எழுதினதில் எனக்கு மறுப்பே இல்லை. 1830-ல் இங்கிலாந்தில் ஊழியம் செய்த ஜார்ஜ் முல்லர் தன் நிலையான சபைச் சம்பளத்தை விட்டுவிடத் தீர்மானித்தபோது, அது புதிதாக மணந்த மனைவியோடு சேர்ந்து எடுத்த தீர்மானம். என் பக்கத்துக்குச் சாட்சியாக அவரைக் கொண்டுவர நினைத்தேன், உங்கள் பக்கத்துக்கும் ஆகிறார்.

ஆனால் 12 மாதம் என்ற எண்ணை நான் எதிர்க்கிறேன். 6 மாதச் சேமிப்பு சேர்ந்ததும் 12 என்பார்கள். 12 சேர்ந்ததும் பிள்ளை கல்லூரி முடிக்கட்டும் என்பார்கள். சேமிப்புக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. அதனால் எண் வைக்கிறீர்களானால் தேதியையும் வையுங்கள். "இந்தத் தேதிக்குள் கடன் தீர வேண்டும், இவ்வளவு சேர்ந்தால் போதும், அதற்கு மேல் சேர்க்கமாட்டோம், தேதி வந்ததும் ராஜினாமா." இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், ஒரு மூப்பரிடம் கொடுத்து வையுங்கள். உச்சவரம்பும் தேதியும் இல்லாத ஆயத்தம் எனக்குக் கீழ்ப்படிதலாகத் தெரியவில்லை. நல்ல பெயர் வைத்துக்கொண்ட பயம் அது.

இன்னொன்று. எல்லாக் கீழ்ப்படிதலையும் இந்தத் தாளுக்குள் அடைக்காதீர்கள். பகையாக இருக்கிறவனோடு ஒப்புரவாகு, ஏமாற்றி வாங்கினதைத் திருப்பிக் கொடு, பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் மறு. இவற்றுக்கு எந்தச் சேமிப்பும் தேவையில்லை. சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று அன்றைக்கே எழுந்து நின்று சொன்னான். வேதத்தில் எழுதப்பட்ட கட்டளைக்கு "ஜெபித்துப் பார்க்கிறேன்" என்று பதில் சொல்வது எனக்குப் பிடிப்பதேயில்லை.

திறந்தவேதம்

ஆமென். இந்தப் பிரிவினைதான் தலைப்பிலேயே வந்திருக்க வேண்டும். எழுதப்பட்ட கட்டளை ஒன்று. தனிப்பட்ட நடத்துதல் இன்னொன்று. "பொய் சொல்லாதே" என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. "இந்த ஊருக்குப் போ, இந்த வேலையை விடு" என்பது வேதத்தில் உங்கள் பெயர் போட்டு எழுதப்படவில்லை. அதைச் சோதிக்காமல் ஏற்கக்கூடாது. முதலாவதை இரண்டாவதைப் போல இழுத்தடிக்கிறோம், இரண்டாவதில் முதலாவதைப் போல உடனே பாய்கிறோம். சிக்கல் இங்கேதான்.

சோதிப்பது எப்படி என்பதற்கு எரேமியா 32-ஐ மிஞ்சின பாடம் இல்லை. பாபிலோன் சேனை எருசலேமை முற்றிக்கைபோட்டிருக்கிறது, எரேமியா காவல்சாலையில் இருக்கிறார். ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்று அனாமெயேல் வருவான் என்று கர்த்தருடைய வார்த்தை உண்டாகிறது. அவன் வந்து அதையே கேட்ட பிறகுதான் "இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்துகொண்டேன்" என்கிறார். தீர்க்கதரிசிக்கே அந்த உறுதி தேவையாயிருந்தது.

பிறகு வாங்கினார், அதுவும் எப்படி! 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். பத்திரத்தில் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். முத்திரைபோடப்பட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. அநேகநாள் இருக்கும்படி இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கப் பாருக்கிடம் கொடுத்தார். எதிரி கையில் விழப்போகிற நிலத்துக்கு இவ்வளவு ஒழுங்கான பத்திரம். எல்லாம் முடிந்த பிறகு, "நகரம் கல்தேயரின் கையிலே கொடுக்கப்படுகிறதே, நிலத்தை வாங்கு என்கிறீரே" என்று குழப்பத்தோடு ஜெபிக்கிறார் (32:25). கீழ்ப்படிந்த பிறகும் புரியாமை இருந்தது. அது குற்றமாக எண்ணப்படவில்லை.

பனி பெய்கிறதா என்று அடையாளம் பார்க்கக் கிதியோன் களத்தில் போட்ட தோலை எடுத்துக்கொண்டு "இந்தப் போன் வந்தால் போவேன், வராவிட்டால் போகமாட்டேன்" என்று சோதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "நீர் சொன்னபடி" என்று சொல்லித்தான் கிதியோன் தோலைப் போட்டான் (நியாயாதிபதிகள் 6:36-37). தேவசித்தம் அவனுக்கு ஏற்கனவே தெரியும். பயத்தைத் தீர்க்கக் கேட்டான், கர்த்தர் பொறுத்துக்கொண்டார். தெரியாத சித்தத்தைக் கண்டுபிடிக்கும் கருவியாக அதை ஆக்கினால், தற்செயலைக் கர்த்தரின் சத்தம் என்று எண்ணிவிடுவோம். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் அப்படியே. அதே கிதியோன் பாகாலின் பலிபீடத்தைப் பகலில் இடிக்கப் பயந்து, 10 வேலைக்காரரோடு இராத்திரியில் இடித்தான். அதுவும் கீழ்ப்படிதலாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

லூக்காவின்_பை

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் மருத்துவராகச் சொல்லாமல் போக மனமில்லை. "விசுவாச அடி" என்று சொல்லி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் வாசிப்பார்கள்.

முதல் வகை நீரிழிவு உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிராபத்து வரலாம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதம். நடுவில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறி வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவலாம்.

எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடை வைக்கப்பட்டது (2 இராஜாக்கள் 20:5-7). இயேசு குஷ்டரோகியைச் சொஸ்தமாக்கிவிட்டு, போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றார். சுகம் கிடைத்தது என்று விசுவாசிக்கிறீர்களா? மருந்தை எடுத்துக்கொண்டே பரிசோதனைக்குப் போங்கள். மருத்துவர் அளவைக் குறைக்கட்டும். கர்த்தர் கொடுத்த சுகம் பரிசோதனையிலும் நிற்கும்.

நெகேமியா_வாசல்

டாக்டர், நன்றி. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி என்று பிசாசு வசனத்தைக் காட்டியே சொன்னான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பதே பதிலாக வந்தது.

யோர்தான்கரை பிரதரின் தேதியையும் உச்சவரம்பையும் ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் விடமாட்டேன். வேலையை விட்ட பிறகு, ஒரு வருஷத்தில் எதுவும் நடக்கவில்லை, காணிக்கை இல்லை, கடன் ஏறுகிறது. அப்போது என்ன? திரும்ப வேலைக்குப் போவது பின்வாங்குதலா? இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. பதில் தெரியாததாலேயே பலர் கடனுக்குள் ஆழமாகப் போகிறார்கள்.

சபைமூப்பர்

வாசித்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கேள்விக்குச் சொல்கிறேன்.

பவுல் கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரம் பண்ணினார். ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசினார். சீலாவும் தீமோத்தேயுவும் மக்கெதோனியாவிலிருந்து வந்தபின் வசனத்தில் இன்னும் முழுமையாக ஈடுபட்டார் (அப்போஸ்தலர் 18:3-5). மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் தம்முடைய குறைவை நிறைவாக்கினார்கள் என்று அவரே எழுதுகிறார் (2 கொரிந்தியர் 11:9). ஆதரவு இருந்தபோது முழுநேரம், இல்லாதபோது கைத்தொழில். இரண்டு நிலையிலும் அவர் அப்போஸ்தலன்தான். ஆகவே வேலைக்குத் திரும்புவது பின்வாங்குதல் அல்ல. ஊழியத்தையே விட்டுவிடுவது வேறு விஷயம்.

சபை செய்ய வேண்டியது என்ன? அந்தியோகியாவில் பர்னபாவும் சவுலும் (பவுலும்) ஏற்கனவே போதித்துக்கொண்டிருந்தவர்கள். ஆவியானவர் பேசியது அவர்களோடு உபவாசித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவில். கைகளை வைத்து அனுப்பியதும் அந்தக் கூட்டமே. தனியாக ஒருவன் வந்து "கர்த்தர் சொன்னார்" என்றால், வேலையில் இருக்கும்போதே 6 மாதம் மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் அந்த ஊழியத்தைச் செய்யச் சொல்லுங்கள். முழுநேரத்தில் செய்யப்போவதை ஓய்வு நேரத்தில் செய்யாதவன் முழுநேரத்திலும் செய்வது அரிது. சம்பளமில்லாத விடுப்பு கிடைக்குமானால் ராஜினாமாவுக்கு முன் அதை எடுத்துப் பார்க்கட்டும். திரும்பி வரக்கூடிய அடியை முதலில், திரும்ப முடியாததைப் பிறகு. வீட்டை விற்பது கடைசி.

அனுப்பும்போதே மூன்று காரியங்களை எழுதி வைக்க வேண்டும். எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பார்ப்போம். கையிருப்பு எந்த அளவுக்கு இறங்கினால் பகுதிநேர வேலை தேடுவது. கடன் வாங்குவதில்லை என்ற உடன்படிக்கை. முல்லர் பிரிஸ்டலில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு திறந்தார். கடன் வாங்கக்கூடாது என்பதில் உறுதியாக நின்றார், வந்த காணிக்கைக்குக் கணக்கு எழுதி வருடாந்திர அறிக்கையாக வெளியிட்டார். அவருடைய ஜெபத்தைப் பின்பற்றுகிறவர்கள் கணக்குப் புத்தகத்தையும் பின்பற்றட்டும். ஊழியக் காணிக்கைக்கு வீட்டுக் கணக்கிலிருந்து தனியான வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. 2 கொரிந்தியர் 8:20-21 இதற்காகவே எழுதப்பட்டது.

தீர்க்கதரிசனம் பற்றி ஒரு எச்சரிக்கை. 1 இராஜாக்கள் 13-ல் யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்குக் கர்த்தர் நேராகச் சொன்னதை, ஒரு கிழவனான தீர்க்கதரிசி "ஒரு தூதன் என்னிடம் சொன்னான்" என்று மாற்றினான். நம்பினவன் வழியில் சிங்கத்தால் கொல்லப்பட்டான். யாரோ மேடையில் பெயர் சொல்லி அழைத்ததால் மட்டும் ராஜினாமா செய்யாதீர்கள்.

யோர்தான்கரை

ஐயா, மரியாதையோடு ஒரு மறுப்பு. கையிருப்பு இறங்கினால் பகுதிநேர வேலை என்பது சரி. ஆனால் பணம் வராததையே "கர்த்தர் அழைக்கவில்லை" என்பதற்கு அடையாளமாக எடுத்துவிடுவார்கள். அக்கினிச்சூளைக்கு முன் நின்று "விடுவிக்காமற்போனாலும்" என்று சொன்ன மூன்று பேரை (தானியேல் 3:18) எங்கே வைப்பது? எரேமியா ஊழியம் முழுவதும் பலன் காணாதவர். பவுல் பசியும் தாகமும் குளிரும் அறிந்தவர். எல்லா அழைப்பும் 12 மாதத்தில் லாபம் காட்டும் தொழில் அல்ல.

சபைமூப்பர்

நியாயம். அதனால்தான் மறுபார்வை நாளில் கேட்க வேண்டிய கேள்வி "பணம் வந்ததா" என்பது அல்ல. சொன்ன வேலையைச் செய்தானா? வாரத்துக்கு எத்தனை வீடுகளைச் சந்தித்தான், எத்தனை பேருக்குப் போதித்தான்? மனைவி இன்னும் மனப்பூர்வமாக உடன் நிற்கிறாளா? இதை அவளிடம் தனியாக, ஒரு மூத்த சகோதரி கேட்க வேண்டும். கணவன் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் உண்மை வராது. கடன் வாங்கினானா? இவற்றுக்கு நல்ல பதில் இருந்து பணம் மட்டும் இல்லையென்றால், அங்கே தவறியது அவனுடைய விசுவாசம் என்று எண்ண வேண்டியதில்லை. கைகளை வைத்து அனுப்பிவிட்டு மறந்துபோன சபையைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

தபீத்தாள்

ஐயா, அந்த மூத்த சகோதரி கேட்கிறது வருஷம் முடிஞ்ச பிறகு மட்டும் போதாது. ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை, 3-ஆம் மாதத்தில் ஒரு தடவை. சேமிப்பு கரையறது மனைவி கண்ணுக்குத்தான் முதல்ல தெரியும். கேட்ட பதிலைச் சகோதரி மூப்பரிடம் மட்டும் சொல்லட்டும், ஜெபக்குறிப்பா சபையில் வாசிக்க வேண்டாம்.

நெகேமியா_வாசல்

சிஸ்டர் சொன்ன 3-ஆம் மாதத்தையும் தாளில் சேர்க்கிறேன். மூப்பர் ஐயா, 6 மாத மாலைநேர ஊழியத்தின்போது அந்த நபருக்குச் சபையிலிருந்து பணம் எதுவும் கொடுக்கக்கூடாது என்கிறீர்களா, பயணச் செலவு மட்டும் கொடுக்கலாமா?

சபைமூப்பர்

பயணச் செலவு மட்டும், ரசீதுக்கு எதிராக.